சாக்கிலும் வாளியிலும் கிழங்கு



பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வரும் தாய்மார்கள், பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டுப் புறப்படும் நேரத்தில் வேறொன்றும் கேட்பதுண்டு. "ஐயா, கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு முளைவிட்டுப் போச்சு. பழைய வாளியில் மண்ணைப் போட்டு நட்டு வைத்தால் கிழங்கு வைக்குமா?" என்பார்கள். வீட்டுக்கு முன்னால் நான்கடி இடம், பின்னால் கால்வாய். நிலம் இல்லாதவர்களுக்கு வாளிதானே நிலம்? நியாயமான கேள்விதான்.

நீங்கள் மலையில் இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் தாராளமாக நடலாம். சிலாங்கூர், பேராக், கெடா, ஜொகூர் என்று தாழ்நிலத்தில் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் இருப்பவர்கள் உருளைக்கிழங்கை நட்டால் செடி வரும், இலை வரும்; கிழங்கு மட்டும் வராது.

காரணம் இரவு வெப்பம். உருளைச் செடி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரி. பகலில் அதன் இலை வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகத் திரள வேண்டுமானால் இரவில் குளிர் வேண்டும். 15 முதல் 18 டிகிரி வரை இருந்தால் நன்றாகத் திரளும். 20 டிகிரியைத் தாண்டினால் குறையத் தொடங்கும். நம்முடைய தாழ்நிலத்தில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி இருக்கிறது. செடி பகலெல்லாம் சம்பாதித்ததை இரவுப் புழுக்கத்திலேயே செலவழித்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு வாளியில் உருளையும் பக்கத்து வாளியில் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பார்த்தோம். உருளை வாளியைக் கவிழ்த்தபோது கோலிக்குண்டு அளவில் நாலைந்துதான் உருண்டு வந்தன. பிள்ளைகள் அவற்றைக் கொண்டு உண்மையாகவே கோலி விளையாடினார்கள்.

கேமரன் மலை நேயர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். கோழிமுட்டை அளவுள்ள, இரண்டு மூன்று கண்கள் முளைத்த கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிச் சாக்கின் வாயைப் பாதிவரை வெளிப்புறமாகச் சுருட்டி, அரையடி மண் போட்டு, இரண்டு கிழங்கைப் புதையுங்கள். செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனி மட்டும் தெரியும்படி மேலே மண் போட்டு, சாக்கைச் சிறிது அவிழ்த்து உயர்த்துங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்யலாம். உருளைக்கிழங்கு வேரில் உண்டாவதன்று. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. தண்டை மூட மூடத்தான் அதற்கு இடம் கிடைக்கும். மண்ணுக்கு வெளியே தலைநீட்டிய கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். பச்சையான கிழங்கில் நஞ்சு உண்டு. அவித்தாலும் அது போகாது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை வாடிச் செத்த மண்ணை உருளைக்கு எடுக்காதீர்கள். இவை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் ஒட்டும்.

இனி, தாழ்நிலத்துக்கு வருவோம். நமக்கென்று இருப்பது சர்க்கரைவள்ளி. சந்தையில் மலாய்க்காரர் 'கெலெடெக்' என்பது இதைத்தான். பெயரில் கிழங்கு என்று இருந்தாலும் இதற்கும் உருளைக்கும் உறவில்லை. இது கங்கோங் கீரையின் இனம். வெப்பத்துக்கு அஞ்சாது, செம்மண்ணிலும் வரும், நான்கே மாதத்தில் பலன் தரும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி அருகிப் போனபோது, தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுந்தான். வயதானவர்கள் சிலர் இன்றும் மரவள்ளியைக் கண்டால் முகம் சுளிப்பது அந்த நாளின் நினைவால்தான். பிற்பாடு 1974இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பச்சைப் புத்தகத் திட்டம் என்று ஒன்று வந்தது. கிடைத்த இடத்திலெல்லாம் காய்கறி போடுங்கள் என்பதே அதன் சாரம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அதன் அருமை மறுபடியும் தெரிந்தது.

வாளியையும் சாக்கையும் நான் வற்புறுத்துவதற்கு இடப்பற்றாக்குறை மட்டும் காரணமன்று. நம்மவர்கள் லயன் வீட்டுக்குப் பின்னால் முருங்கை வைத்தார்கள், தென்னை வைத்தார்கள், பலா வைத்தார்கள். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு வீடமைப்புக்கும் வேறு வேலைக்கும் விற்கப்பட்டபோதும், அந்த மரங்களை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள். மரத்துக்கு நட்டஈடு கேட்க நிலம் நம்முடையதாக இருக்கவில்லை. சாக்கில் வளர்வது அப்படியன்று. லாரியில் பாயும் அலமாரியும் ஏறும்போது சர்க்கரைவள்ளியும் ஏறிக்கொள்ளும். நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத குடும்பத்துக்கு இது சிறிய ஆறுதல் இல்லை.

எந்தப் பாத்திரத்தை எடுப்பது? ஓரடிக்குக் குறையாத ஆழம் இருந்தால் போதும். 10 கிலோ அரிசிச் சாக்கு, உரச்சாக்கு, சமையல் எண்ணெய்த் தகரம், உடைந்த துணி வாளி எல்லாம் ஆகும். உரச்சாக்கை இரண்டு முறை நன்றாக அலசிக் காயவைத்து எடுங்கள். என் அனுபவத்தில் சாக்கே சிறந்தது. தண்ணீர் தானாக வடியும், வெள்ளைச் சாக்கு அதிகம் சூடேறாது. ஒரு வருட வெயிலில் நைந்துபோகும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம். அதுதான் புல்லுக்கு அடிக்கும் மருந்தும் பூச்சி மருந்தும் வந்த டின். பார்ப்பதற்குக் கெட்டியாக, கைப்பிடியோடு அழகாக இருக்கும். வெட்டினால் தொட்டி, வெட்டாவிட்டால் தண்ணீர்க் குடம் என்று ஆசை வரும். மூன்று முறை கழுவினாலும் அதை உணவுக்கும் தண்ணீருக்கும் எடுக்கக் கூடாது. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1ஆம் நாள் முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய டின்கள் வீட்டுக்கு அடியிலும் கோழிக்கூட்டு ஓரத்திலும் இன்னும் கிடக்கக்கூடும்; மற்ற மருந்துகளின் டின்களோ நாள்தோறும் காலியாகின்றன. அவற்றைக் குத்தி ஓட்டையாக்கி, மண்டோரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் கிடைக்க விடாதீர்கள்.

தகரம், வாளி ஆனால் அடியில் ஆணியைக் காய்ச்சிப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட வேண்டும். ஓட்டை போடாத வாளியில் கிழங்கு அழுகும். அதைவிட மோசம், மேலே தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். டிங்கிக் காய்ச்சலைச் சாக்கிட்டு அதிகாரிகள் வந்து அபராதம் எழுதுவதற்கு 1975ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆகையால் வாளிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது. செம்பனை மரத்தடி வட்டத்து மண்ணை அள்ளாதீர்கள். அங்கே மருந்து அடித்திருப்பார்கள். அதற்கு மாறாக, வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கிப்போடுகிறார்களே, அந்த அடுக்குக்குக் கீழே பழைய மட்டை மக்கிக் கறுத்த மண் இருக்கும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். காசு கொடுத்தாலும் கடையில் அப்படி ஒரு மண் கிடைக்காது. மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கம்பால் தட்டிப் பார்த்த பிறகே கையை விடுங்கள், நாகம் படுத்திருக்கும் இடமும் அதுதான். வெள்ளை வண்டுப் புழு இருந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இந்த மண் இரண்டு பங்கு, சாதாரண மேல்மண் ஒரு பங்கு, ஆற்று மணலோ கருக்கிய உமியோ ஒரு பங்கு. நன்றாக மக்கிய கோழிச் சாணம் சாக்குக்கு இரண்டு கைப்பிடி போதும்.

"தோட்டத்து யூரியா இரண்டு பிடி போட்டால் இன்னும் நன்றாக வருமே" என்று ஒருவர் கேட்டார். தோட்டத்து உரத்தை எடுத்தால் வேலைக்கு ஆபத்து என்பது ஒருபுறம் இருக்கட்டும். சர்க்கரைவள்ளிக்கு யூரியா போட்டால் கொடி வீட்டுக் கூரைவரை போகும், அடியில் கிழங்கு இருக்காது. அதற்கு வேண்டியது சாம்பல். விறகடுப்பு எரிக்கும் வீடுகளில் நட்ட நான்காம் வாரத்தில் சாக்குக்கு ஒரு பிடி சாம்பலைத் தூவிக் கிளறி விடுங்கள்.

நடுவதற்குக் கிழங்கு வேண்டாம், கொடி போதும். அடுத்த வீட்டில் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். கொடியின் நுனியிலிருந்து ஓரடி நீளத்துக்கு வெட்டி, ஒரு நாள் நிழலில் போட்டு வையுங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்று நான்கு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்வாகப் புதையுங்கள். அரிசிச் சாக்குக்கு இரண்டு துண்டுகள், பெரிய உரச்சாக்கானால் மூன்று. அதிகம் நட்டால் எல்லாம் ஒல்லியாகும். முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர், பிறகு மண் காய்ந்தால் மட்டும். அரைநாளாவது வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். கொடி தரையில் படர்ந்தால் கணுவுக்குக் கணு வேர்விட்டு, அங்கங்கே சுண்டுவிரல் கிழங்கு வைத்துச் சத்தைப் பிரித்துக்கொள்ளும். வேலியிலோ கயிற்றிலோ ஏற்றிவிடுங்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகச் சமைக்கலாம். நெத்திலியும் வெங்காயமும் போட்டு வதக்கினால் ஒரு வேளைக்கு வேறு கறி வேண்டாம். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிள்ளாதீர்கள்; கிழங்கு இளைத்துவிடும். கீரைக்கென்றே ஒரு சாக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். இங்கே ஓர் எச்சரிக்கை: உருளைச் செடியின் இலையும் தண்டும் நஞ்சு. கிழங்குச் செடிதானே, கீரைதானே என்று பிள்ளைகள் அதையும் கிள்ளிக் கொண்டுவரக்கூடும். இரண்டு செடிகளையும் அவர்களுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

உள்ளே ஆரஞ்சு நிறமான சர்க்கரைவள்ளி கிடைத்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மார்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'வைட்டாட்டோ' அந்த வகைதான். அந்த நிறம் உடலில் 'ஏ' வைட்டமினாக மாறிக் கண்ணைக் காக்கிறது. துளி எண்ணெயோ தேங்காய்ப்பூவோ சேர்த்துக் கொடுத்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். பசியாறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அவித்த கிழங்கு ஒன்று கையில் இருந்தால் முதல் பாடம் தலையில் ஏறும். இதை நான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன்.

எதிரி, கிழங்கு வண்டு. எறும்பு போல் ஒல்லியாக, நீலக் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். மண் வெடித்த இடுக்கின் வழியே கிழங்கைத் தேடிப் போகும். அது துளைத்த கிழங்கு முழுக்கக் கசக்கும். வெட்டிவிட்டுச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். சாக்கில் நடுவதன் பெரிய வசதியே இங்குதான்: வெடிப்புத் தெரிந்த உடனே மேலே இரண்டு அங்குலம் மண் போட்டு மூடிவிடலாம். அப்படி மூடுவதால் எலிக்கும் கிழங்கு கண்ணில் படாது.

அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன நேயர்கள் தாழ்வாரக் கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் வாளியை வைக்காதீர்கள். நனைந்த மண் நிறைந்த வாளி 25 கிலோ இருக்கும். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தரையில், நடைபாதையை அடைக்காமல், சுவரோரம் வையுங்கள்.

நட்ட மூன்றரை மாதத்தில் விளிம்போரம் விரலால் தோண்டிப் பாருங்கள். பருத்திருந்தால் இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்துவிட்டுச் சாக்கைக் கவிழ்க்கலாம். ஒரு கிலோவும் கிடைக்கும், நன்றாக வந்தால் இரண்டு கிலோவும் கிடைக்கும். அதற்கு முன்னால் அடுத்த நடவுக்கு வேண்டிய கொடித் துண்டுகளை வெட்டி எடுத்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு ஊரெல்லாம் கொடி தேடுகிறார்கள். கிழங்கைக் கழுவாமல் ஒரு வாரம் நிழலில் பரப்பி வைத்தால் தோல் இறுகி இனிப்பும் கூடும். ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டாம், குளிர் அதற்கு ஆகாது. பழைய மண்ணில் மறுபடி சர்க்கரைவள்ளி நட்டால் வண்டு காத்திருக்கும். அதில் இந்தத் தடவை பயற்றங்கொடி போட்டுவிட்டு, கிழங்குக்குப் புதுமண் எடுங்கள்.