மூடிய வழிகளும் மூடிய கடைகளும்

கடை என்னும் சொல் தமிழிலே வாணிகம் நடைபெறும் இடத்தைக் குறிக்கும், வாயிலைக் குறிக்கும், முடிவையும் குறிக்கும். மன்னார்த் தீவில் இருந்து மறைந்த கடைகளை நினைப்போர்க்கு இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தக் காணலாம். இந்தியாவிலிருந்து வந்தோர்க்கு அத்தீவு இலங்கையின் வாயிலாயிருந்தது. கொழும்பிலிருந்து சென்றோர்க்கு இருப்புப் பாதையின் முடிவாயிருந்தது. அவ்வாயிலையும் அம்முடிவையும் நம்பியே தீவின் வாணிகம் வளர்ந்தது.

தோட்டவெளி, ஓலைத்தொடுவாய், பேசாலை, தலைமன்னார் முதலிய ஊர்களுக்குக் கடலும் பனையுமே முதல். 1914ஆம் ஆண்டிலே தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபோது, இவற்றோடு மூன்றாவது முதலொன்று சேர்ந்தது. அதுதான் வழிப்போக்கர் கூட்டம். வணிகரும், தலயாத்திரை செய்வோரும், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் அத்துறையில் இறங்கினர், ஏறினர். சுங்கச் சோதனை முடியும்வரையும் கப்பல் புறப்படும்வரையும் அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மக்கள் காத்திருக்கும் இடத்தில் அடுப்பு எரியும் என்பது உலக வழக்கு. சோற்றுக் கடையும் தேநீர்க் கடையும் அவ்வாறே தோன்றின.

1964 டிசம்பரிலே புயலும் கடலும் தனுஷ்கோடியை அழித்தன. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையினால், மலைநாட்டுத் தமிழர் பல்லாயிரவர் குடும்பம் குடும்பமாக இவ்வழியே அனுப்பப்பட்டனர். தாம் கொழுந்து பறித்த நாட்டிலே கடைசிக் கோப்பைத் தேநீரை அவர்களுட் பலர் தலைமன்னாரிலேயே அருந்தியிருப்பர்.

துறையடியிலே வழிப்போக்கர் கையிலிருந்த காசைக் கொடுத்து உண்டனர். உள்ளூர்ச் சில்லறைக் கடைகளின் முறையோ வேறு. கடற்றொழில் செய்வார்க்கு மாதச் சம்பளம் இல்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் தீவின் வடகடல் கொந்தளிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். காற்றுக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்வோரின் வீடுகளுக்கு, இடைப்பட்ட நாட்களில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் கடன் கொப்பியின் துணையாலேயே வந்து சேரும். சாட்சியும் கையொப்பமும் இல்லாத கணக்கு அது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் வாழும் தீவிலே, ஒரு சமயத்தார் பெயர் மற்றொரு சமயத்தார் கொப்பியில் எழுதப்பட்டிருத்தல் இயல்பான செய்தியாயிருந்தது.

மாலை வேளையிலே உழைப்பாளர் கூடிய மற்றோர் இடம் கள்ளுத் தவறணை. தவறணை என்பது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் ஆட்சி ஒரு நூற்றாண்டுக்குள் ஒழிந்தது. சொல் மட்டும் ஒழியவில்லை. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவிலே கள்ளை வார்த்து அருந்துதல் வடபுலத்தின் பழைய வழக்கம். பின்னாளிற் கள் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு மாறிப் போத்தலிற் புகுந்தபோது, பிளாவும் அருகிற்று.

பழைய கடைகளை நினைக்கும்போது இனிமையை மட்டும் நினைத்தல் நேர்மையாகாது. தவறணையிற் செலவான கூலி எத்தனையோ வீடுகளில் அடுப்பை அணைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தேநீர்க் கடைகளிலே சாதி காரணமாகச் சமவிடம் மறுக்கப்பட்டமையையும், 1960களின் பிற்பகுதியில் அதனை எதிர்த்து மக்கள் போராடியமையையும் வரலாறு மறக்கவில்லை. குறையையும் கூறும் நினைவே நம்பத்தக்க நினைவாகும்.

பிற இடங்களிற் சிறு கடைகள் பெருங் கடைகளின் போட்டியால் மூடப்படுவதுண்டு. மன்னார்த் தீவின் கதை அத்தகையதன்று. 1984இலே போர் காரணமாகக் கப்பற் போக்குவரத்து நின்றது. துறையடி வாணிகம் தன் வாடிக்கையாளரை இழந்தது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது புகைவண்டியும் நின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் தகர்க்கப்பட்டது. தீவு மக்கள் பலர் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர்.

அவ்வாண்டு ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். எருக்கலம்பிட்டி முதலிய தீவுக் கிராமங்களின் முஸ்லிம்கள் கடல் வழியே கற்பிட்டியை அடைந்தனர். சிறு மூட்டைகளும் சிறிதளவு பணமுமே அவர்கள் கொண்டுசெல்ல விடப்பட்டனர். கடையும் சரக்கும் கரையில் நின்றன. கடன் கொப்பியிற் பெயர் எழுதப்பட்டிருந்தவர் ஒரு கரையிலும், எழுதியவர் மற்றொரு கரையிலும் ஆயினர். தீராத அக்கணக்கிலே ரூபாயைக் காட்டிலும் பெரிய கடன் ஒன்று எஞ்சியிருந்தது. அயலவர் வெளியேற்றப்பட்டதை எஞ்சியவர் எவ்வாறு நினைவு கூர்வர் என்னும் கேள்வியே அக்கடன்.

2010இலே புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சிலே புகைவண்டி மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. ஆயினும் அங்கே அதனை எதிர்நோக்கிக் கப்பல் நிற்கவில்லை. ஆதலின் காத்திருக்கும் கூட்டமும் இல்லை. வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் சிலர் மீண்டு குடியேறினர். பலர் புத்தளப் பகுதியிலேயே வேரூன்றிவிட்டனர். தண்டவாளத்தை மறுபடியும் இடுவதற்குப் பொறியியலாளர் போதும். கொப்பி ஒன்றையே நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்த உறவு மீள்வதற்கோ இரு தரத்தாரும் வேண்டும், நெடுங்காலமும் வேண்டும்.

இடையிலே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. 1984இல் இளைஞராய் அக்கடைகளில் உண்டவர்கள் இன்று முதுமையின் வாயிலில் நிற்கின்றனர். எந்த ஊரில் எந்தக் கடை இருந்தது, அதனை நடத்தியவர் யார், எந்த ஆண்டில் எக்காரணத்தால் அது மூடப்பட்டது என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதுதல் எளிது. ஓலைத்தொடுவாயிலோ பேசாலையிலோ பள்ளி மாணவர் ஒருவரிடம் ஒரு கொப்பியும் எழுதுகோலும் இருந்தாற் போதும். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் மண்டபத்திலும் வாழும் முதியோரையும் அக்கேள்விகள் சென்றடைதல் வேண்டும். வெளியேறியவர் பெயரும் இருந்தவர் பெயரும் ஒரே பக்கத்தில் எழுதப்படும்போதுதான் அக்கணக்கு முழுமை பெறும்.