பெயர் இல்லாத ஆசிரியை

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



மந்திரவாதி கதை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வாசலிலேயே ஒரு தோழர் சிரித்தார். "நாட்டுல இருக்கிற பிரச்சினைக்கு ஒமக்கு டிராகன் கதை கேக்குதா?" என்றார். நியாயமான கேள்விதான். பேசி முடித்த பிறகு அவரே பதில் சொல்லட்டும்.

விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கில நாவல் வாங்கினேன். அட்டை கிழிந்துபோனது, அதனால் மலிவு. 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்கப் பெண் 1968-இல் எழுதியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 1971-இலும் 1972-இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களையும் அலைந்து தேடிப் படித்தேன்.

கதை இதுதான். கடல் நடுவே எக்கச்சக்கமான தீவுகள். அதில் கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கிற ஒரு பையன். அப்பா வெண்கல வேலை செய்யும் கொல்லர். அம்மா இல்லை. பையனுக்குள் பெரிய மந்திர சக்தி இருக்கிறது. ரோக் தீவில் உள்ள மந்திரப் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே ஜாஸ்பர் என்று ஒரு மேட்டுக்குடிப் பையன். கையை ஓங்கமாட்டான். சிரித்த முகத்தோடு, நாசூக்காக, நீ ஆட்டுக்காரன்தானே என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பான். விடுதிகளிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஜாஸ்பர் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மெஸ்ஸில் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

அவனிடம் தன்னை நிரூபிக்கும் வெறியில் நம்ம பையன் செத்துப்போன ஒருத்தியின் ஆவியைக் கூப்பிடுகிறான். உலகத்தில் ஒரு கிழிசல் விழுகிறது. அதன் வழியே ஒரு நிழல் புறப்பட்டு வந்து அவனைக் குதறுகிறது. பிறகு நிழல் துரத்த இவன் ஓடுகிறான். ஒரு கட்டத்தில் திரும்பி நின்று இவன் அதைத் துரத்துகிறான். கடைசியில் அந்த நிழலைத் தன் சொந்தப் பெயரைச் சொல்லியே அழைத்துத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறான். கெட் என்பது அந்தப் பெயர்.

அந்த உலகத்தில் மந்திரம் என்றால் பெயர்தான். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன்மேல் அதிகாரம் வந்துவிடும். அதனால் எல்லோரும் உண்மைப் பெயரை ஒளித்து வைத்துக்கொண்டு, ஊர் கூப்பிட வேறொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அவமானப்பட்டுத் தழும்போடு நிற்கும் கெட்டிடம் நண்பன் வெட்ச் தன் உண்மைப் பெயரைச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அதைவிடப் பெரிய நம்பிக்கை அங்கே இல்லை. அடுத்தவன் வைத்த பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவர்கள் நாம். பெயர் என்பது அதிகாரம் என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எந்தக் கோட்பாட்டு நூலும் இல்லை. இந்த மந்திரவாதி கதைதான்.

இன்னொன்று. கெட்டின் தோல் செம்பழுப்பு. வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்ட கார்க் வீரர்கள்தான் ஊரைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள். டோல்கீனின் கதையில் தெற்கிலிருந்து வரும் கறுத்த மனிதர்கள் எதிரியின் படையில் நிற்பார்கள். சி.எஸ். லூயிஸின் நார்னியாவிலும் கறுத்த நாட்டான்தான் கொடுங்கோலன். லெ குவின் இதைத் தெரிந்தே தலைகீழாக்கினார். என் பிரதிக்கு அட்டை இல்லாததால் கெட் எனக்கு எங்க தெருப் பையன் முகத்தோடுதான் இருந்தான். பல வருஷம் கழித்து அட்டையுள்ள பதிப்பு ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் வெள்ளைக்காரன்! 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இதைப் படமாக்கியபோதும் கெட் வேடத்தில் வெள்ளை நடிகர்தான். லெ குவின் கோபப்பட்டு ஸ்லேட் இதழில் கண்டித்து எழுதினார். உள்ளே கறுப்பாக எழுதினாலும் வெளியே வெளுத்துத்தான் விற்பார்கள்.

இதுவரை பெருமையாகப் பேசினேன். இனி தலைகுனிய வேண்டிய பகுதி.

சமீபத்தில் முதல் பாகத்தை மறுபடியும் கையில் எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். கெட்டுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தது ரோக் பள்ளி இல்லை. அவனுடைய அம்மாவோடு பிறந்தவள், அந்த ஊர்ச் சூனியக்காரி. பெரியம்மாவா சின்னம்மாவா தெரியாது. இங்கிலீஷில் எல்லாத்துக்கும் ஒரே சொல்தானே. அவள் ஆட்டை அழைக்கிற வார்த்தையைக் கேட்டு இவனும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வந்து நெருக்கித் தள்ளுகின்றன. அவள்தான் வந்து விடுவிக்கிறாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் கற்றும் கொடுக்கிறாள். ஆனால் நாவல் அவளை எப்படிப் பேசுகிறது? அறியாதவள், பாதி ஏமாற்றுக்காரி என்கிறது. பெண் செய்யும் மந்திரம் சொத்தை, கெட்டது என்று ஊர்ப் பழமொழியும் சொல்கிறது. ரோக் பள்ளியில் ஒரு பெண்கூடக் கிடையாது. பெயர்தான் அதிகாரம் என்று சொல்கிற புத்தகத்தில் முதல் ஆசிரியைக்குப் பெயரே இல்லை!

வாலிபத்தில் இது என் கண்ணில் படவே இல்லை தோழர்களே. தோல் நிறத்தைப் பார்த்தேன், ஜாஸ்பரைப் பார்த்தேன். என்னை வலிக்கவைத்ததை மட்டும் பார்த்தேன்.

ஆனால் ஒருத்தர் பார்த்திருக்கிறார். எழுதியவரே பார்த்திருக்கிறார். அதற்காகத்தான் இன்று இதைப் பேசுகிறேன். மூன்றாம் பாகம் வந்து 18 வருஷம் கழித்து, 1990-இல், 'டெஹானு' எழுதினார். அதில் நாயகி டெனார். இரண்டாம் பாகத்தில் சின்ன வயதிலேயே கோயிலுக்குப் பிடித்துக் கொடுக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்ட பெண். இப்போது நடுவயது, விவசாயியின் விதவை. பெற்றவனே சேர்ந்து சிதைத்து நெருப்பில் தள்ளிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். மாபெரும் மந்திரவாதி கெட், சக்தி முழுக்கப் போய், வெறும் ஆளாக ஊர் திரும்பி மறுபடியும் ஆடு மேய்க்கிறான். அவர்களைக் காப்பாற்ற வரும் டிராகனைக் கூப்பிடுவது அந்த வெந்துபோன குழந்தை. எங்க ஹீரோவைக் கெடுத்துட்டாங்கன்னு பழைய வாசகர்கள் பலர் கோபப்பட்டார்கள்.

லெ குவின் விடவில்லை. ஆண் நாயகர்களின் மரபுக்குள் நின்றே முன்பு எழுதினேன் என்று 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசினார். 2001-இல் வந்த கதைகளில், ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களிலேயே பெண்கள் இருந்தார்கள், பின்னால் வந்த ஆண்கள்தான் கதவைச் சாத்தினார்கள் என்று எழுதினார். பழைய புத்தகத்தில் ஒரு வரியையும் அழிக்கவில்லை. அதே உலகத்துக்குள் திரும்பிப் போய், யாரை விட்டுவிட்டோம் என்று தேடினார். இதுதான் மறுவாசிப்பு.

அவர் குடும்பத்திலேயே ஒரு பெயர்க் கதை உண்டு. அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர், கலிஃபோர்னியாவின் பெரிய மானுடவியலாளர். வெள்ளைக் குடியேறிகள் கொன்று தீர்த்த யாஹி மக்களில் தப்பிய ஒரே ஒருவர் 1911-இல் ஓரோவில் ஊரில் பசியோடு வெளியே வந்தார். அவரை அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். தன் பெயரை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. க்ரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் மொழியில் மனிதன் என்று அர்த்தம். 1916-இல் காசநோயில் இறந்தார். அவர் மூளையை எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அது அவருடைய உறவு இனத்தாரிடம் திரும்பி வந்தது 2000-இல்தான். 2021-இல் பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டடத்திலிருந்து க்ரோபர் பெயரையே எடுத்துவிட்டார்கள். நேசித்தவர்களையும் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. 2018-இல் லெ குவின் இறந்துபோனார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

சரி, நமக்கு இதில் என்ன? நாமும் ஒரு ரோக் பள்ளி நடத்துகிறோம். படிப்பு வட்டம், இதழ், மேடை. அதில் டீ போடுகிறவள் யார், மைக் பிடிக்கிறவர் யார்? அடிவாங்கியதால் மட்டுமே நாம் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிடுவதில்லை. நானே சாட்சி.

எனக்குக் கதை சொல்லி வளர்த்தது என் அம்மாயி. கைநாட்டு. ராத்திரி கதை சொல்ல ஆரம்பித்தால் தெருப் பிள்ளைகள் பூராவும் திண்ணையில் வந்து உட்காரும். எத்தனையோ மேடையில் 'என் ஆசான்கள்' என்று பட்டியல் படித்திருக்கிறேன். அம்பேத்கர் உண்டு, மார்க்ஸ் உண்டு, லெ குவின்கூட உண்டு. அவள் இருந்ததில்லை. இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எடுக்கும்போதுதான் தெரிந்தது, அம்மாயி, அம்மாயின்னு கூப்பிட்டே வளர்ந்ததுல அவ பேரே எனக்குத் தெரியாது. மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெத்த மகன், அவரும் கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னார்.

அந்தப் பெயரை இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் வீட்டுக்குப் போய், சின்ன வயதில் பிடித்த புத்தகத்தை ஒருதரம் எடுத்துப் படியுங்கள். அப்படியே ஒரு போனும் போடுங்கள்.