ஸ்வெட்டரும் பிஸ்கட்டும் ஒரு மெடிக்கல் செக்கப்பும்

(தில்லியில் எங்கள் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"முதுமையில் உடல்நலம்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, 37 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். அதனால் பொதுவாக எதுவும் சொல்லாமல், எங்கள் அகத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். இதில் குற்றவாளி நான்தான். என் மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

1977-ல் கல்யாணமாகி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். ஸ்வெட்டரைக் கையால் தொட்டதுகூட இல்லை. அப்போதெல்லாம் தில்லியில் ஜனவரி வெயிலில் எந்தப் புல்தரையைப் பார்த்தாலும் பெண்கள் ஊசியும் ஊலுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆபீஸ் லஞ்ச் நேரத்தில்கூட. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இவளை இழுத்து உட்கார வைத்து, "ஏக் சீதா, ஏக் உல்டா" என்று சொல்லிக்கொடுத்தார். நேர்ப் பின்னல் சீதா, மறுபக்கப் பின்னல் உல்டா. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யாருடா அந்தச் சீதா, இவா ரெண்டு பேரும் ஓயாம அவளைப் பத்தியே பேசறாளே?" என்றாள். இவள் பின்னலோடு சேர்த்து ஹிந்தியும் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அன்றிலிருந்து இவள் கையில் ஊசி இல்லாத குளிர்காலம் கிடையாது. சமையல், பூஜை முடிந்து பதினோரு மணிக்கு பால்கனி வெயிலில் ஒரு ஆவர்த்தி, சாயங்காலம் டி.வி. முன்னால் ஒரு ஆவர்த்தி. இரண்டாவதில் கையைப் பார்க்கவே மாட்டாள். ஊல் லூதியானாவுடையது. ஊசி பத்தாம் நம்பர். இதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்; பத்து என்றால் 3.25 மில்லிமீட்டர். ஒருநாள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். போனி என்ற அந்த ஊசி செய்யப்படுவது நம் நீலகிரியில், கேத்தியில். பஞ்சாபி வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ஆயுதம் தமிழ்நாட்டுடையது!

ஒவ்வொரு வருஷமும் காலனியில் பிறக்கும் ஏதாவது ஒரு குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாயும் இவளுடையதாக இருக்கும். கூடவே ஒரு டப்பா ஆட்டா பிஸ்கட். முதலில் மாவும் சர்க்கரையும் நெய்யும் டின்னில் எடுத்துப் போய் மார்க்கெட் பேக்கரியில் கொடுத்து, சுட்டு முடியும்வரை நான் காவல் இருப்பேன். பிறகு வட்டமான அலுமினிய அவன் வாங்கினோம். முட்டை போடாத கேக்குக்குத் தயிரும் சோடாவும். சேர்ந்தவுடனே கரியமில வாயு கிளம்பிவிடும், அரட்டை அடிக்காமல் உடனே அவனில் வை என்று சொல்வதுதான் இதில் கெமிஸ்ட்ரி பட்டதாரியின் பங்கு.

2023 நவம்பர். எங்கள் காவல்காரருக்கு டிசம்பரில் குழந்தை. வெள்ளை ஊலில் ஸ்வெட்டர் பாதி ஆகியிருந்தது. அன்று பிஸ்கட் செய்தாள். ராத்திரி மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கும்போது பார்க்கிறேன், வலது கட்டைவிரல் நுனியில் ஒரு கொப்புளம்.

"என்ன இது?"

"தட்டு பட்டிருக்கும் போலிருக்குன்னா. தெரியவே இல்லை."

சுட்ட தட்டு பட்டது தெரியவில்லை என்கிறாள்! கேட்கக் கேட்கத்தான் வந்தது. கொஞ்ச நாளாகக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப் போகிறது. ராத்திரி விழிப்புக் கொடுக்கிறது. கையை உதறினால் சரியாகிவிடுகிறது.

இங்கேதான் என் குற்றம் வருகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், இரண்டு பேருமாக மாஸ்டர் செக்கப் செய்துகொண்டோம். எனக்குப் பெரிய பேக்கேஜ். "உனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று இவளுக்குச் சின்னது: சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. இரண்டு பாரத்தையும் நான்தான் பூர்த்தி செய்தேன். தொழில் என்ற இடத்தில் எனக்கு "ஓய்வுபெற்ற அதிகாரி" என்று விஸ்தாரமாக எழுதினேன். இவளுக்கு "எதுவும் இல்லை". ரிப்போர்ட்டும் எல்லாம் நார்மல் என்று வந்தது.

டாக்டர் சின்னப் பெண். முதல் கேள்வியே, "ஆண்ட்டி, கையால் என்ன வேலை செய்வீர்கள்?" என்பதுதான். அடுத்தது, "சுண்டுவிரல் மரக்கிறதா?" இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு புறங்கையையும் ஒட்டி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார். முழு நிமிஷம் ஆகவில்லை, விரல் குத்த ஆரம்பித்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு குறுகிய குகை மாதிரி வழி. அதில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. இடம் போதாமல் போனால் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி அதன் ஆட்சி. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. கார்ப்பல் டனல் என்று பெயர்.

நான் உடனே, "பின்னியே வந்தது, இனி நிறுத்திவிட வேண்டியதுதானே?" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னல் மேல் மட்டும் பழி போட முடியாது, தைராய்டு குறைவாக இருந்தாலும் இது வரும், அதைப் பார்த்தீர்களா என்றார். சின்ன பேக்கேஜில் அது இல்லை. எடுத்தோம். நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். 18. அக்டோபரிலேயே இவள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததும், நான் கேலி செய்ததும் அப்போது நினைவுக்கு வந்தது.

"எப்போது ஆரம்பித்தது?" என்று டாக்டர் கேட்டதற்கு இவள் இரண்டு வாரம் என்றாள். வீட்டுக்கு வந்து அந்த அரைகுறை ஸ்வெட்டரை மேஜையில் விரித்து ஸ்கேல் வைத்து எண்ணினேன். அடியில் பத்து சென்டிமீட்டருக்கு 28 கண்ணி, அச்சடித்தது போல. நாலு விரற்கடை மேலே போனால் 26. அதற்கும் மேலே 24, நடுவில் இரண்டு கண்ணி நழுவி, மறுபடி எடுத்துக் கோத்த அடையாளம். அந்த இடம் நவராத்திரிக்கு முன்னால் பின்னியது என்று இவளே சொன்னாள். ஆறு வாரக் கதை என் வீட்டு சோபாவிலேயே கிடந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வைத்தியம் பற்றிச் சுருக்கமாக. நரம்புப் பரிசோதனையில் நடுத்தரம் என்று வந்தது. ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றினால் ஆபரேஷன் என்றார்கள். அந்த அளவுக்குப் போகவில்லை. பின்னலாம், ஆனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு ஓய்வு. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபி மாத்திரையை உடம்பில் சேர விடாதாம். கால்சியம் சாப்பிடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இந்த வீட்டில் நாற்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் நடக்காத சண்டையெல்லாம் அந்த ஒரு மணி நேரக் காபிக்காக நடந்தது. இப்போது நான் நாலரை மணிக்கே மாத்திரையோடு எழுப்பிவிடுகிறேன். அவள் மறுபடி தூங்கிவிடுகிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

மூன்று மாதத்தில் ராத்திரி மரப்பு நின்றது. அதற்குள் காவல்காரர் குழந்தைக்கு அந்த ஸ்வெட்டர் பற்றாமல் போய்விட்டது. 24 கண்ணி இருந்த இடம்வரை பிரிப்பாள் என்று நினைத்தேன். முழுவதையும் பிரித்துவிட்டு, அடியிலிருந்து பெரிய அளவில் ஆரம்பித்தாள். ஊலைப் பந்தாகச் சுற்றுவது இப்போது என் வேலை.

போன மாதம் இந்த வருஷத்துச் செக்கப். பாரத்தை நான் எழுதவில்லை, அவளிடமே கொடுத்துவிட்டேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன்; கையால் மறைத்துக்கொண்டாள்.

வெளியே டீயோடு வைத்திருக்கும் பிஸ்கட் அவள் செய்ததுதான். தட்டை அவனிலிருந்து எடுத்தது நான். ஓரம் கருகியிருந்தால் அதற்கு நானே பொறுப்பு.