உறைக்குள் என்ன இருக்கிறது?
(வானொலி மறையுரை)



நம் பிள்ளைகள் சேர்க்கும் விளையாட்டு அட்டைகளைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம். நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் குளச்சலானாலும், பள்ளிக்கூடத்தின் பக்கத்துக் கடைகளில் பளபளக்கும் உறைகள் தொங்குகின்றன. உள்ளே இருப்பவை போக்கிமான் அட்டைகள், கிரிக்கெட் வீரர் அட்டைகள். பிள்ளை உறையைக் கிழிக்கிறான், அட்டைகளைப் புரட்டுகிறான், முகம் வாடிப்போகிறது. "இது எல்லாம் எங்கிட்ட இருக்கு" என்று சொல்லி, அடுத்த உறைக்குக் காசு கேட்கிறான். வெறும் அட்டைக்கா இவ்வளவு ஆசை என்று நமக்குக் கோபம் வருகிறது.

கோபப்படுமுன் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். சேர்க்கும் ஆசை புதிதல்ல. நம் ஊர்ப் பிள்ளைகள் சாலையோரத்தில் தீப்பெட்டிப் படங்களைப் பொறுக்கினார்கள். மஞ்சாடிக்குருவை டப்பாவில் நிறைத்தார்கள். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து இலை போட்டு வளர்த்தார்கள். பிறகு பிக் ஃபன் பபிள்கம் வந்தது. அதனுடன் வந்த கிரிக்கெட் அட்டைகளில் இருந்த ரன்களைக் கூட்டிச் சேர்ப்பதற்காகவே மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் இன்று நமது பங்குகளில் தகப்பன்மாராக இருக்கிறார்கள்.

போக்கிமானை உருவாக்கிய ஜப்பானியர் சதோஷி தஜிரியும் சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர்தான். தாம் அனுபவித்த அந்த மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க விரும்பினார். பிடிப்பது, சேர்ப்பது, நண்பனோடு மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் அந்த விளையாட்டின் உயிர். படைப்பை வியந்து பார்க்கும் உள்ளத்திலிருந்து பிறக்கும் ஆசை அது. அதை நாம் பழிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? மூடிய உறையில் இருக்கிறது.

1993-இல் அமெரிக்காவில் 'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டு வெளிவந்தது. அதை அமைத்தவர் கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட். அதுவரை சீட்டுக்கட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே கட்டுதான். இவரோ ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டைச் சேர்த்துக்கொண்டு வந்து ஆடும்படி செய்தார். அறிவுக்கு நல்ல வேலை கொடுக்கும் விளையாட்டு அது. ஆனால் அட்டைகள் விற்கப்பட்ட முறையைக் கவனியுங்கள். ஓர் உறையில் 15 அட்டைகள். அவற்றில் 11 சாதாரணமானவை, 3 சற்று அரியவை, ஒன்றே ஒன்று மிக அரியது. அந்த ஒன்று எது என்பது, கிழித்துப் பார்க்கும்வரை வாங்குகிறவருக்குத் தெரியாது.

1996-இல் ஜப்பானில் போக்கிமான் அட்டைகளும் இதே வழியில் விற்பனைக்கு வந்தன. 2024 மார்ச் வரை அச்சிடப்பட்டவை 6,400 கோடிக்கும் மேல். உலகில் வாழும் ஒவ்வொருவருக்கும் எட்டு அட்டை கொடுக்கலாம்! இவ்வளவு இருந்தும் நம் பிள்ளை தேடுகிற அட்டை மட்டும் கிடைக்கவில்லையே, ஏன்? அது குறைவாகவே அச்சிடப்படுகிறது. எது அரியது என்று தீர்மானிப்பது அதை விற்கிறவர். ஆகவே உறைக்குள் வைத்து விற்கப்படுவது அட்டை மட்டுமல்ல, 'அடுத்ததில் இருக்கும்' என்ற எதிர்பார்ப்பும்தான்.

அன்பானவர்களே, இந்த எதிர்பார்ப்பை நாம் நன்றாகவே அறிவோம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-இல் தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967-இல் அரசே தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் சீட்டு கிடைக்கும். ரப்பர் வெட்டியும் கட்டடத்தில் கல் சுமந்தும் கிடைத்த கூலியில் ஒரு பங்கு அந்த எல்லையைத் தாண்டிப் போகிறது. தகப்பன் சீட்டின் எண்ணை முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதும் பிள்ளை உறையைக் கிழிக்கும்போதும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது. 'போதும்' என்று சொல்லத் தெரியாத மனம் பத்து வயதிலேயே பழகிவிட்டால், நாளை கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் சூதாட்டம் அழைக்கும்போது அவன் எதைக்கொண்டு மறுப்பான்? நம் கவலை அட்டைக்குச் செலவாகும் பத்து ரூபாய் பற்றியது அல்ல.

நம் வீடுகளிலும் அட்டைகள் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் கொடுத்த புனிதர் படம், பாட்டியின் செபப் புத்தகத்துக்குள் இருக்கும் சவேரியார் படம், இறந்துபோன தாத்தாவின் நினைவு அட்டை. நினைவு அட்டையை நூற்றுக்கணக்கில் அச்சிட்டு, திருப்பலிக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தோம். அது அரியதும் அல்ல, சந்தையில் காலணாவுக்கும் போகாது. ஆனாலும் அதைக் கீழே போட நமக்கு மனம் வருமா? அந்த முகத்தின்மேல் நாம் வைத்திருக்கும் அன்புதான் அதற்கு மதிப்பு. மனிதருடைய மதிப்பும் இப்படிப்பட்டதே. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை 'அரிய அட்டை', மற்றவை 'சாதாரண அட்டை' என்று நாமே தரம் பிரித்தால், பிள்ளைகள் வேறு எப்படிக் கற்றுக்கொள்வார்கள்?

எனவே பெற்றோரே, அட்டைகளைப் பிடுங்கி அடுப்பில் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "மக்களே, இதை எப்படி விளையாடணும்? எனக்கும் சொல்லித் தா" என்று கேளுங்கள். அவன் ஒரு மணி நேரம் பேசுவான். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை அவனோடு பேசி முடிவு செய்யுங்கள், முடிந்தபின் அசையாதீர்கள். கிழித்த உறைகளைத் தூக்கி எறியாமல் சேர்த்துவைத்து, மாதக் கடைசியில் அவனையே எண்ணிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வேண்டிய அட்டைக்காகப் புது உறையைத் தேடாமல் நண்பனோடு மாற்றிக்கொள்ளப் பழக்குங்கள். தகப்பன்மாரே, பிள்ளையிடம் இதைச் சொல்லும் நாளில் உங்கள் சட்டைப்பையில் லாட்டரிச் சீட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே அட்டை இரண்டு கிடைத்தால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அந்த இரண்டாவது அட்டை, உறை வாங்கக் காசில்லாமல் ஓரமாக நின்று பார்க்கும் பிள்ளைக்கு உரியது என்று சொல்லிக் கொடுப்போம். தன்னிடம் இருப்பதில் ஒன்றை மனமகிழ்ந்து கொடுக்கத் தெரிந்த பிள்ளையை எந்த மூடிய உறையும் கட்டிப்போட முடியாது.

இறைவன் நம் குடும்பங்களையும் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பாராக!