நூலும் வாசகர் கருத்தும்



நூலை ஆக்குவோர் ஒருவர், அச்சிடுவோர் ஒருவர், விற்பனை செய்வோர் ஒருவர். இம்மூவரைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகின்றோம். நான்காமவராகிய வாசகரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவர் ஒரு நூலைப் படித்து முடித்தபின் யாது செய்தல் வேண்டும்? அதனை அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்த நூலைக் கையில் எடுத்தல் போதுமா? அல்லது, தாம் கொண்ட கருத்தைப் பிறரோடு கலந்து பேசுதலும் படிப்பின் ஒரு பகுதியா? இவ்வினாவையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இவ்வினாவுக்கு நம் முன்னோர் விடை கூறியே சென்றுள்ளனர். நூலொன்று இயற்றப்பட்டால் அதனை அவையிலே அரங்கேற்றுதல் பழந்தமிழர் வழக்கு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசிரியர் முன்னிலையில் அரங்கேறியது எனச் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பது வெறும் பாராட்டு விழாவன்று. கேட்போர் ஐயம் எழுப்புவர். ஆக்கியோர் விடை கூறுவர். கேட்போர் கருத்துக்கு இடங்கொடுத்த பின்னரே நூல் உலகில் உலாவலாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கல்விக்கு ஒரு கணக்கே வகுத்துத் தந்துள்ளார். ஆசிரியர் சொல்வதை நன்கு மனத்திற் கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கு அறிவே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். நேயர்களே, இக்கணக்கைச் சற்று ஊன்றி நோக்குங்கள். நாலில் மூன்று பங்கு அறிவு பிறரோடு பேசுவதாலேயே வருகின்றது. தனியே படித்துத் தனியே வைத்துக்கொள்பவர் காற்பங்கோடு நின்றுவிடுகின்றார்.

நமது நாட்டிலும் இம்மரபு நெடுங்காலமாக நின்று நிலவுவது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நடைபெறும் புராண படனத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். சுற்றியிருப்போருள்ளே எழுத்தறியாதவரும் உண்டு. ஆயினும் பயன் சொல்பவர் ஒரு சொல்லை நழுவவிட்டால் அதனைச் சுட்டிக்காட்டும் கேள்வியறிவு அவர்களிடம் இருந்தது. பின்னர் ஊர்தோறும் வாசிகசாலைகள் எழுந்தன. பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க, விறாந்தையிலிருந்து பலர் கேட்டு வாதிட்ட காலம் முதியோர் நினைவில் இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பொதுசன நூலகமும் இத்தகைய ஆர்வத்தின் விளைவே. கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் 1933 இல் தமது இல்லத்திலே நூல்களைத் திரட்டி இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சி 1934 இல் நூல்நிலையமாகி, 1959 இல் பெருங்கட்டடமாக ஓங்கிற்று.

வாசகர் ஒருவரின் கருத்து எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு கூறுவேன். 1880 ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்திருந்தார் இளைஞரான உ. வே. சாமிநாதையர். அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றம் பெற்று வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஒருநாள் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கின்றீர் என முதலியார் வினவினார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என நீண்டதொரு பட்டியலை ஒப்புவித்தார். முதலியார் வியக்கவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்றார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் முதலியவற்றைப் படித்ததுண்டா என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்ட அந்த இளைஞர் அந்நூல்களைப் படித்திருக்கவில்லை.

முதலியார் புலவரல்லர், நீதிமன்றத்திலே வழக்குக் கேட்கும் உத்தியோகத்தர். அவர் கூறியது ஒரு வாசகரின் கருத்து, அவ்வளவே. ஆயின் அக்கருத்து சாமிநாதையரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிற்று. அவர் சிந்தாமணியைக் கற்கப் புகுந்தபோது சமணர் கொள்கைகள் விளங்காமல் இடர்ப்பட்டார். அப்பொழுது அவருக்குக் கைகொடுத்தவர்களும் வாசகர்களே. கும்பகோணத்துச் சமணர் அந்நூலைத் தம் இல்லங்களிலே பத்தியோடு படித்து வந்தனர். சைவச் சூழலிலே வளர்ந்த ஆசிரியர் அவர்களிடஞ் சென்று ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். 1887 இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. 1892 இல் சிலப்பதிகாரமும், 1898 இல் மணிமேகலையும் தொடர்ந்தன. தாம் விரும்பிய நூலைப் பற்றி ஒருவர் துணிந்து பேசியதும், பேசக் கேட்டவர் பொறுமையோடு ஏற்றுக்கொண்டதும் இப்பெரும் பேற்றுக்குத் தோற்றுவாயாயின.

இனி, கருத்துக் கூறுவோர் கருத்தில் இருத்தவேண்டிய ஒன்றுண்டு. நூல்கள் பலவகையின. எல்லாவற்றையும் ஒரே கோலால் அளத்தல் ஆகாது. மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலியவற்றின் வருணனை பெருங்காப்பியத்துக்கு வேண்டும் எனத் தண்டியலங்காரம் விதிக்கின்றது. அவ்விதியைக் கையிற் கொண்டு நாவலை அளக்கப் புகுந்தால் நாவல் தோற்றுவிடும். தோற்றது நாவலன்று, அளந்தவரின் கோலே. நாவலிலே நாம் தேடவேண்டியது, அதில் வரும் மாந்தர் உயிரோடு நடமாடுகின்றார்களா, அவர்களின் செயலுக்குத் தக்க காரணம் உண்டா என்பதையே. கவிதையிலே சொல்லும் பொருளும் ஒன்றாகி நெஞ்சைத் தொடுகின்றனவா என நோக்கவேண்டும். துப்பறியும் கதையைத் தாழ்வாக எண்ணுவோர் பலர். அதற்கும் ஓர் அறம் உண்டு. முடிச்சை அவிழ்க்கும் குறிப்புகளை ஆசிரியர் வாசகருக்கு முன்னமே நேர்மையாகக் காட்டினாரா, இறுதியில் எங்கிருந்தோ ஒரு குற்றவாளியைக் கொணர்ந்து நிறுத்தினாரா என்பதே அங்கு எழுப்பவேண்டிய வினா.

வரலாற்று நூலுக்கு வினா வேறு. ஆசிரியர் எச்சான்றைக் கொண்டு கூறுகின்றார்? யாருடைய வேண்டுகோளால் எழுதினார்? யாழ்ப்பாண வைபவமாலையை மயில்வாகனப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றினார். அதனைப் படித்த சுவாமி ஞானப்பிரகாசர், அது கூறும் செய்திகளைப் பிற சான்றுகளோடு ஒப்புநோக்கி, 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலையே வெளியிட்டார். ஒரு நூலைப் பற்றிய கருத்து மற்றொரு நூலாக மலர்ந்தமைக்கு இது நம்மிடையே உள்ள நல்ல எடுத்துக்காட்டு. அவர் முடிபுகள் அனைத்தையும் பின்வந்தோர் ஏற்றனரல்லர். ஏற்காமையும் ஆராய்ச்சியை வளர்த்தது.

வாதம் சற்றுச் சூடாகிய காலமும் உண்டு. 1960 களிலே ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் எனப் பெயர்பெற்ற விவாதம் எழுந்தது. கதைகளிலே பேச்சுவழக்கை எழுதுதல் மொழிக்கு இழுக்கு எனப் பண்டிதர் சிலர் வாதிட்டனர். உழைக்கும் மக்களின் வாழ்வை அவர்களின் வாய்மொழியிலன்றி வேறெவ்வாறு காட்டுவது என முற்போக்கு எழுத்தாளர் மறுமொழி கூறினர். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வாசகர் இரு பக்கமும் நின்றனர். கடுஞ்சொற்களும் பறந்தன. ஆயினும் அவ்விவாதத்தால் ஒரு நன்மை விளைந்தது. மொழித் தூய்மை என்றால் என்ன, கதையின் உண்மை என்றால் என்ன என்று அதுவரை சிந்தியாதவர்களும் சிந்திக்கத் தலைப்பட்டனர். இன்று பேச்சுவழக்கிலே உரையாடல் அமைந்த கதையைக் கண்டு எவரும் முகஞ் சுழிப்பதில்லை. இலக்கண மரபைக் காக்கவேண்டும் என்ற எண்ணமும் மறைந்துவிடவில்லை.

நேயர்களே, இதுகாறும் கூறியவை புலவருக்கும் எழுத்தாளருக்கும் உரியவை என்று சிலர் கருதலாம். பாடசாலையிலே நாள்தோறும் பிள்ளைகளோடு பழகுபவன் என்ற முறையில், எனது கவலை வேறிடத்திலே தொடங்குகின்றது. இன்று நம் மாணவர் இலக்கிய நயம் படிக்கின்றனர். வினாவுக்கு விடையும் எழுதுகின்றனர். ஆனால் அவ்விடை பெரும்பாலும் அவர்களுடையதன்று. குறிப்பேட்டிலோ வழிகாட்டி நூலிலோ எழுதப்பட்ட நயத்தை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். தாம் சுவையாத கவிதையைச் சுவைத்ததாக எழுதப் பழகிய பிள்ளை, நாளை தனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் உடன்பாடு என்று கையெழுத்திடத் தயங்காது. அதனால் இழப்பது பரீட்சைப் புள்ளிகளையல்ல. தன் கண்ணால் கண்டு தன் வாயால் சொல்லும் நேர்மையை.

எங்கள் பாடசாலையிலே வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கியுள்ளோம். எந்நூலையும் படிக்கலாம், படித்ததைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசவேண்டும் என்பதே விதி. ஒரு முறை, கரையோரக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். இலக்கிய வகுப்பிலே வாய் திறவாதவன் அவன். மீனவர் வாழ்வு பற்றிய கதையொன்றைப் படித்திருந்தான். "கதை நல்லது, சேர். ஆனால் எழுதினவர் ஆடி மாதத்திலே வாடைக்காற்று வீசுது எண்டு எழுதியிருக்கிறார். ஆடியிலே எங்கடை கரையிலே வீசுறது சோளகம். வாடை மாரியிலேதான் வரும்" என்றான். வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அக்கதையை நயந்து பேசிய ஆசிரியர்களும் அதனைக் கவனிக்கவில்லை. அன்றுதொட்டு அவன் நூல்நிலையத்துக்கு வராத வாரமில்லை.

மற்றொரு மாணவி வீட்டுத்தோட்டம் பற்றிய கைநூலொன்றைக் கொணர்ந்தாள். எதனை நடுவது என்பதை ஆசிரியர் விரிவாகக் கூறுகின்றார். ஆனால் கிணற்று நீர் உவராக உள்ள ஊரிலே எதனை நடுவது என்று ஓரிடத்தும் கூறவில்லை என்றாள். இவ்விருவரும் கூறியவை திறனாய்வே. தம் வாழ்வை நூலுக்கு உரைகல்லாகக் கொண்டனர் அப்பிள்ளைகள். நூலறிவு மிக்கோர் மட்டுமே கருத்துக் கூறத் தக்கவர் என்றால் இவ்விரண்டும் நமக்குக் கிடைத்திரா.

கருத்து எவரும் கூறலாம் என்பதனால் எவ்வாறும் கூறலாம் என்பதன்று. இதற்கும் நன்னூலாரே வழிகாட்டுகின்றார். மாணாக்கரை அவர் அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுத்துள்ளார். வாசகருக்கும் இது பொருந்தும். இங்கொரு தழை அங்கொரு தழையாகக் கடிக்கும் ஆட்டைப்போல நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தீர்ப்புக் கூறுவாரும் உளர். குளத்தைக் கலக்கும் எருமையைப்போல விவாதத்தைக் குழப்புவாரும் உளர். நெய்யை ஒழுகவிட்டு மண்டியைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியைப்போலக் குற்றமொன்றையே திரட்டி வைத்திருப்பாரும் உளர். கிளியோ பத்திரிகை மதிப்புரையைத் தன் கருத்தாகக் கூறும். இவர்களுக்கு மாறாக, நிறைய மேய்ந்து பின் அசைபோடும் பசுவும், பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும் நமக்கு முன்மாதிரியாதல் வேண்டும்.

ஆகவே மூன்று நெறிகளைக் கூறி அமைவேன். முதலாவது, நூலை முழுவதும் படித்த பின்னரே முடிபு கூறுக; முடியாவிடின் எவ்வளவு படித்தோம் என்பதையேனும் கூறுக. இரண்டாவது, நன்று என்றாலும் தீது என்றாலும் இடஞ் சுட்டிக் காரணங் காட்டுக. இக்காலத்திலே நூலுக்கு ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று புள்ளியிடும் வழக்கம் பரவியுள்ளது. புள்ளி விரைவில் இடப்படும். காரணம் சொல்வதற்கன்றோ சிந்தனை வேண்டும்? மூன்றாவது, நூலைக் குறைகூறும்போது நூலாசிரியரைக் குறைகூறாதிருத்தலும், நண்பர் எழுதியது என்பதற்காகப் புகழாதிருத்தலும் வேண்டும்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்பினோம். 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடித் திரட்டி யாவரும் படிக்க வைத்து வருகின்றது. தேடுவதற்கு முதலில் வேண்டியது, இன்ன நூல் ஒன்று இருந்தது என்று அறிந்திருத்தல். ஒருவரும் பேசாத நூல் அலுமாரியிலே இருந்தும் இல்லாததே. பலர் வாயிலே வழங்கிய நூலோ, படி தொலைந்தாலும் தேடப்படும்.

ஊர்தோறும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் நமக்கு உண்டு. மாதம் ஒரு மாலை, பத்துப் பேர் கூடி, ஆளுக்கொரு நூலைப் பற்றிப் பேசினால் போதும். ஒருவர் நாவலைக் கொணரட்டும். ஒருவர் விவசாயக் கைநூலைக் கொணரட்டும். பாட்டி தாம் மனப்பாடமாக அறிந்த புராணக் கதையைக் கூறட்டும். பிள்ளைகளை முதலிற் பேசவிட்டுப் பெரியோர் பின்னர்ப் பேசுவார்களாக. பெரியோர் தீர்ப்பைக் கேட்டபின் பிள்ளைகள் தம் கருத்தை விழுங்கிவிடுவர் என்பதைப் பல ஆண்டு ஆசிரியப் பணியிலே கண்டறிந்தேன்.