நாளைக்குக் காற்று எப்படி இருக்கும்?

(வேப்பம்பட்டு குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாளைக்கு மழை வருமான்னு போன்ல பார்க்கிறோம். நாளைக்குக் காற்று எப்படி இருக்கும்னு பார்க்கிறோமா? வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவரோ, வீசிங் வரும் குழந்தையோ இருந்தால் இதுவும் முக்கியம்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறங்க. கும்மிடிப்பூண்டி, மணலி நிலையங்களின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 50 வரை நல்லது. 100 வரை திருப்திகரம். 200 வரை மிதமான மாசு. அதைத் தாண்டினால் மோசம். ஆனா ஒண்ணு கவனிங்க. நுண்துகளுக்கான எண் கடந்த 24 மணி நேரச் சராசரி. இப்போ எரியுற குப்பையின் புகை அதில் உடனே முழுசாத் தெரியாது. நாளைய நிலவரமும் தெரியாது.

நாளைக்கானதைக் கணிக்க ரெண்டு கணக்கு வேணும். ஆலை, லாரி, குப்பை எரிப்பிலிருந்து எவ்வளவு புகை கிளம்புது என்பது ஒண்ணு. காற்றின் திசை, வேகம், மழை, புகை எவ்வளவு உயரம் வரை கலையும் என்பது இன்னொண்ணு. ரெண்டையும் கணினி சேர்த்துப் பார்க்கும். புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2010 காமன்வெல்த் போட்டியின்போது டெல்லிக்கு இப்படித்தான் 'சஃபர்' சேவையைத் தொடங்கியது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை உலகம் முழுக்க 5 நாள் கணிப்பு தருது. ஆனால் அதில் ஒரு கட்டமே சுமார் 40 கி.மீ. நமக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நேர்தூரம் ஏறக்குறைய 35 கி.மீ.தான். நம்ம தெருப் புகை அதுக்கு எப்படித் தெரியும்?

அதனால கணிப்போடு நம்ம கண்ணும் வேணும். கும்மிடிப்பூண்டி நமக்கு வடகிழக்கே இருக்கு. மார்கழி, தையில் வாடையும் அந்தப் பக்கமிருந்துதான் வீசும். காற்று அசையாத பனி இரவில், சட்டிக்கு மூடி போட்ட மாதிரி புகை தரையோடு தங்கிடும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதமாச்சு. சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன.

அப்படிப்பட்ட நாளில் அதிகாலை நடைப்பயிற்சியை வெயில் ஏறின பிறகு வெச்சுக்குங்க. இன்ஹேலர் கையில் இருக்கட்டும். யாராவது குப்பையை எரித்தால் சமீர் செயலியிலேயே புகார் பதியலாம். முக்கியமா, அன்னைக்கு நாம தீ வைக்காமல் இருப்போம். காற்றின் திசை நம்ம கையில் இல்லை. தீப்பெட்டி நம்ம கையில்தான் இருக்கு.