உப்பு எங்கேயும் போகாது

கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு பண்ணைவீடு, அதுல சின்னதா ஒரு நீச்சல்குளம். இந்தக் கனவு இருக்கிற பலரும் கேக்கிற கேள்வி: "சால்ட் வாட்டர் பூல் போட்டா குளோரினே வேண்டாமாமே?" இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

உப்புநீர்க் குளத்திலும் கிருமியைக் கொல்வது குளோரின்தான். உப்பு கரைந்த தண்ணியில மின்சாரத்தைச் செலுத்தி, சால்ட் செல் அதை அங்கேயே தயாரிக்குது. வேலை முடிஞ்சதும் குளோரின் மறுபடி உப்பாகவே மாறிடும். அதனால உப்பு செலவாகாது. வெயில்ல தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது.

கணக்கு பாருங்க. 50,000 லிட்டர் குளம். லிட்டருக்கு 3.2 கிராம்னு வச்சா மொத்தம் 160 கிலோ. கடல்நீரில் இருக்கிறதுல பத்தில் ஒரு பங்குகூட இல்லைதான். ஆனா 160 கிலோ, 160 கிலோதான்.

"எங்க போர்ல வர்றதே உப்புத் தண்ணி, உப்புக் காசு மிச்சம்"னு நினைக்காதீங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் போர் இறங்குறது பாறைக்குள்ள. நாம உப்புத் தண்ணின்னு சொல்றதுல கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கலாம். செல்லுக்கு வேண்டியது சோடியம் குளோரைடு. கால்சியமோ, ஹீட்டர் காயில்ல படியற மாதிரி செல் தகட்டிலும் வெள்ளையாப் படியும். பி.எச். ஏறினா இன்னும் வேகமாப் படியும். செல் ஓட ஓட பி.எச். ஏறத்தான் செய்யும். அது ஏறினா குளோரினோட வீரியமும் குறையும்.

அதை 7.2-லிருந்து 7.8-க்குள்ள வச்சுக்கணும். குறைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துவாங்க. பக்கெட் தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்டுல தண்ணியை ஊத்தக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் பக்கத்துலயே அதை வைக்கக் கூடாது. ரெண்டும் கலந்தா வர்ற குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கிடும்.

வெயில்ல குளோரின் சில மணி நேரத்துல சிதைஞ்சிடும். அதைத் தடுக்க சயனூரிக் ஆசிட் போடுவாங்க. அது அளவை மீறிட்டா தண்ணியை வடிச்சுத்தான் குறைக்க முடியும்.

வடிச்சா எங்கே போகும்? பக்கத்து நெல் வயலுக்கு, கரும்புக்கு, மரவள்ளிக்கு. சில நாள் வெயில்ல விட்டா குளோரின் போயிடும், உப்பு போகாது. சோடியம் சேரச் சேர மண் இறுகும். கிணத்துத் தண்ணியும் கெடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க சென்னைக்குக் கிளம்பிடுவீங்க. அந்த வயல்காரர் எங்கே போவார்?

அதனால உப்பு மூட்டை வாங்கறதுக்கு முன்னாடி போர் தண்ணியை லேப்ல கொடுத்துப் பாருங்க. குறையற தண்ணிக்குப் பதிலா கூரையில விழற மழைத்தண்ணியைச் சேர்த்து ஊத்துங்க, அதுல கால்சியம் கிட்டத்தட்ட இருக்காது. வாரம் ஒருமுறை பி.எச். பாருங்க. அளவு சரியா இருந்தா வருஷக்கணக்கா தண்ணியை மாத்தவே வேண்டியிருக்காது.

வடிக்க இடமே இல்லைன்னா சாதாரண குளோரின் குளமே போதும். அதுலயும் நாளாக ஆக உப்பு சேரும், ஆனா 160 கிலோவுல ஆரம்பிக்காது.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.